செமா சுற்றுகிறவர்களுக்குத் தலை சுற்றாதா? கடைசியில் கைதட்டலாமா, கூடாதா?

#1 வடகரை மணி

வணக்கம் நண்பர்களே. போன மாதம் வேலை விஷயமாக இஸ்தான்புல் போயிருந்தேன், மனைவியும் கூட வந்திருந்தார். ஒரு மாலை ஓய்வு கிடைத்தது. விடுதி வரவேற்பில் இருந்த பையன் "தர்வேஷ் நிகழ்ச்சி, ஒரு மணி நேரம், குடிக்க ஏதாவது இலவசம்" என்று சொல்லி இரண்டு டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டான். சரி, பார்ப்போமே என்று போனோம். செமா என்பார்களே, தர்வேஷ்கள், அதாவது சூஃபி ஞானிகள், சுற்றிச் சுற்றி வருகிற சடங்கு, அதுதான்.

பழைய கட்டடம். நடுவில் வட்டமாகத் தரை, சுற்றிலும் நாற்காலி. கறுப்பு அங்கி போட்ட ஐந்து பேர் வந்தார்கள். தலையில் தேன் நிறத்தில் உயரமான தொப்பி. அங்கியைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பாவாடை. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டியபடியே மெல்லச் சுற்ற ஆரம்பித்தார்கள், கை தானாக விரிந்தது, பாவாடையும் விரிந்தது. ஒவ்வொரு சுற்றும் பத்து நிமிடத்துக்குக் குறையாது. ஒருவர்கூடத் தடுமாறவில்லை. குழந்தைகளோடு கைகோத்துத் தட்டாமாலை சுற்றினால் நான் மூன்றாவது சுற்றிலேயே திண்ணையைப் பிடித்துக்கொள்கிற ஆள்.

முடிந்ததும் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு துருக்கியப் பெரியவர் தட்டியவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! மனைவி காதோரம் கேட்டார், "இது தொழுகையா, ஷோவா?" எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நேர்வழி நாடி

தொழுகை கண்டிப்பாக இல்லை. நபி வழியில் சுற்றுவது கிடையாது, பாவாடை கட்டுவதும் கிடையாது. பிற்காலத்தில் சேர்ந்தது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

#3 கொன்யாவில் ஆறு குளிர்காலம்

மணி சார், நான் துருக்கியின் கொன்யா நகரில் படிக்கப் போய் ஆறு வருடம் இருந்தவன். நான் சுற்றியதில்லை, பக்கத்தில் இருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். துருக்கியில் இதை "செமா" என்பார்கள். அரபியில் "சமாஉ", அதாவது கேட்டல். நாம் வெளியிலிருந்து சுற்றலைப் பார்த்துப் பெயர் வைக்கிறோம். அவர்கள் காதில் விழுவதை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். சுற்றுகிறவர் "செமாஸென்". இந்தத் தரீக்கா, அதாவது சூஃபி வழி, "மெவ்லவி". நம் ஊரில் மௌலவி என்றால் அரபு மதரசாவில் ஓதி முடித்தவர். இங்கே மெவ்லவி என்றால் மெவ்லானாவைச் சேர்ந்தவர். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மெவ்லானா என்றால் நம் தலைவர். அவர்தான் ஜலாலுத்தீன் ரூமி, பிறந்தது 1207, கொன்யாவில் இறந்தது 1273 டிசம்பர் 17.

நீங்கள் பார்த்த உடுப்பு முழுக்கச் சாவு சம்பந்தப்பட்டது. அந்த உயரத் தொப்பி சிக்கெ, ஒட்டக ரோமத்தை அடித்துச் செய்த கம்பளித் தொப்பி. அது மீஸான் கல், புதைத்த இடத்தில் நடுகிற கல். கறுப்பு அங்கி ஹிர்கா, அது கபர், புதைகுழி. வெள்ளைப் பாவாடை தென்னூரே, அது கபன் துணி, இறந்தவருக்குப் போர்த்துகிற துணி. அங்கியைக் கழற்றிக் கீழே போடுவது கபரை விட்டு எழுந்து வருவது. பானத்தை உறிஞ்சிக்கொண்டு நாம் பார்ப்பது ஒருவர் செத்து எழுகிற காட்சி. பெரியவர் ஏன் முறைத்தார் என்று இப்போது புரிகிறதா?

தொடக்கத்தில் நபியவர்கள் மேல் ஒரு புகழ்ப்பா பாடுவார்கள். வார்த்தை ரூமியுடையது என்பது மரபு, மெட்டு 17ஆம் நூற்றாண்டின் பெரிய இசையமைப்பாளர் இத்ரீ போட்டது. பிறகு குதும் என்ற சின்ன ஜோடி முரசில் அடி விழும். "குன்", ஆகுக என்று இறைவன் சொன்ன கட்டளை அது என்பார்கள். அடுத்துத் தனியாக ஒரு நேய் வாசிப்பு. (நேய் என்பது நாணல் குழல். நான் போன புதிதில் வீட்டுக்கு எழுதியபோது "நெய்" என்று தட்டச்சாகி, அம்மா என்னப்பா, அங்கே நெய் விலை எப்படி என்று கேட்டார்.)

பிறகு எல்லோரும் வரிசையாக மூன்று முறை அரங்கை வலம் வருவார்கள். இதை ஷோக்களில் அவசரமாக முடித்துவிடுவார்கள். எனக்கு இதுதான் மொத்த நிகழ்ச்சியிலும் பிடித்த பகுதி. ஷெய்குடைய, அதாவது குருவுடைய, இடத்தில் ஒரு சிவப்பு ஆட்டுத்தோல் விரித்திருக்கும். ரூமி இறந்தபோது சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது, அந்த வானத்தின் சிவப்பு. அந்தத் தோலிலிருந்து எதிர்வாசல் வரை கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உண்டு, அதை யாரும் மிதிக்கக் கூடாது. முன்னால் போகிறவர் அந்த இடத்தைக் கடந்ததும் திரும்பி நிற்பார், பின்னால் வருகிறவர் எதிரே நிற்பார், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துத் தலை குனிவார்கள். செமா நிகழ்ச்சிக்கு இன்னொரு பெயர் "முகாபலெ", எதிரெதிரே நிற்பது. பெயரே அந்த வணக்கத்திலிருந்து வந்ததுதான். சுற்றல் அதற்குப் பிறகுதான்.

சுற்றல் நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் சலாம் என்று பெயர். நான்குக்கும் ஆளுக்கு ஒரு தத்துவ விளக்கம் வைத்திருக்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. நான்காவதில் ஷெய்கும் இறங்கி நடுவில், அங்கியைக் கழற்றாமலே, மெதுவாகச் சுற்றுவார். கடைசியில் குர்ஆன் ஓதுவார்கள், பெரும்பாலும் பகரா அத்தியாயத்தின் 115ஆம் வசனத்தில் தொடங்கும். கிழக்கும் மேற்கும் அல்லாஹ்வுக்கே, நீங்கள் எப்பக்கம் திரும்பினாலும் அங்கே அவன் முகம் இருக்கிறது என்ற வசனம். சுற்றி முடித்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமாக எதை ஓத முடியும்?

கைதட்டல் பற்றி அப்புறம் எழுதுகிறேன். பேருந்து வந்துவிட்டது.

#4 காது மூக்கு தொண்டை

தலைசுற்றல் என் துறை, அதனால் உள்ளே வருகிறேன்.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். ஒவ்வொரு குழாயிலும் கூழ் போன்ற ஒரு சின்ன மடல் தடுப்பு மாதிரி நிற்கும். ஒரு குடத்தில் பாதி தண்ணீர் வைத்துச் சட்டென்று திருகிப் பாருங்கள். குடம் திரும்பும், தண்ணீர் உடனே திரும்பாது. காதிலும் அதேதான். தலை சுற்றத் தொடங்கும்போது திரவம் பின்தங்கும், மடல் வளையும், "சுற்றுகிறோம்" என்று மூளைக்குத் தகவல் போகும். ஒரே வேகத்தில் அரை நிமிடம் சுற்றினால் திரவமும் கூடவே ஓடப் பழகிவிடும், மடல் நிமிர்ந்துவிடும். அதன் பிறகு காதைப் பொறுத்தவரை நீங்கள் அசையாமல் நிற்கிறீர்கள்!

ஆபத்து நிறுத்தும்போதுதான். உடம்பு நின்றுவிடும், திரவம் நிற்காது. மடல் எதிர்ப்பக்கம் வளையும், உலகம் எதிர்த்திசையில் சுற்றும். நம் பிள்ளைகள் தட்டாமாலை விளையாட்டில் விழுவதும் சுற்றும்போது இல்லை, கையை விட்ட பிறகுதான்.

கதக் ஆடுகிறவர்கள் சக்கர் போடும்போது பார்வையை ஓர் இடத்தில் நிறுத்தி, உடம்பு திரும்பித் தலை மட்டும் கடைசியில் வெடுக்கென்று திரும்பும். பாலேயிலும் அதே உத்தி. நான் பார்த்த காணொளிகளில் செமாஸென்கள் அதைச் செய்வதில்லை. தலையை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்து அப்படியே வைத்திருக்கிறார்கள். கண் பாதி மூடியிருக்கிறது, எதையும் பிடித்துப் பார்ப்பதில்லை. பார்வை எதையும் பற்றாவிட்டால் கண்ணுக்கும் காதுக்கும் சண்டை குறையும். மீதி, வருடக்கணக்கான பழக்கம். காதிலிருந்து வரும் அந்தத் தகவலை மூளை பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது.

பழகாதவர்கள் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். முக்கியமாக ஐம்பது வயதுக்கு மேல், ரத்த அழுத்தம் உள்ளவர்கள்.

#5 சுடர்விழி

டாக்டர் ஐயா இதைப் போன வருடமே எழுதியிருக்கலாம். :) ஒரு வார இறுதி முகாமில் "சூஃபி சுழல் தியானம்" என்று போட்டிருந்தார்கள், பணம் கட்டிப் போனேன். வெறும் வயிற்றோடு வாருங்கள், கண்ணை மூடிச் சுற்றுங்கள், தன்னை மறந்து சுற்றுங்கள், விழுந்தால் விழுந்த இடத்தில் படுத்துக்கொள்ளுங்கள் என்றார் நடத்தியவர். விழுந்தேன். படுத்தேன். வாந்தியும் எடுத்தேன். அது "உள்ளே இருந்த அழுக்கு வெளியேறுகிறது" என்று விளக்கம் வேறு. அங்கே சுவரில் பெரிதாக ரூமி கவிதை ஒன்று: வா, வா, நீ யாராக இருந்தாலும் வா, சத்தியத்தை நூறு முறை முறித்திருந்தாலும் வா, என்று. நல்ல கவிதை. அதை நம்பித்தான் போனேன்.

#6 கொன்யாவில் ஆறு குளிர்காலம்

சுடர்விழி, வருத்தத்தோடு ஒரு செய்தி. அந்தக் கவிதையும் ரூமியுடையது இல்லை. ரூமி பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இறந்துபோன அபூ சயீத் அபுல் கைர் பெயரில் வழங்கும் நாலடி அது. கொன்யாவிலேயே சாவிக்கொத்து முதல் தேநீர்க் கோப்பை வரை ரூமி பெயரில்தான் விற்கிறார்கள்.

"தன்னை மறந்து சுற்று" என்பதும் மெவ்லவி முறைக்கு நேர் எதிர். அவர்கள் தன்னை மறந்து சுற்றினால் பக்கத்தில் இருப்பவர் மேல் மோதிக்கொள்ள வேண்டியதுதான். இருபது பேர் ஒரே அரங்கில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, அரங்கையும் சுற்றி வருகிறார்கள். பாவாடை விளிம்புகள் உரசக் கூடாது. நடுவில் செமாஸென்பாஷி என்று ஒருவர் கறுப்பு அங்கியோடு நடந்துகொண்டே இருப்பாரே, பார்த்தீர்களா மணி சார்? அவர்தான் போக்குவரத்துப் போலீஸ். வாயைத் திறக்க மாட்டார். அவர் காலை வைக்கிற விதத்தைப் பார்த்துத்தான் சுற்ற வருகிறவர் எந்தப் பக்கம் போவது என்று தெரிந்துகொள்கிறார். மயக்கத்தில் இருப்பவனுக்கு இன்னொருவர் கால் எப்படித் தெரியும்?

பயிற்சி இப்படி. ஒரு மீட்டர் அளவுக்கு ஒரு மரப்பலகை, நடுவில் வழவழப்பான தலையுள்ள ஓர் ஆணி. இடது காலின் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் ஆணியைக் கொடுக்க வேண்டும். உள்ளங்கால் தோல் உரியாமலிருக்கப் பலகையில் உப்பு தூவுவார்கள். இடது கால் "திரெக்", தூண். அது இடத்தை விட்டுப் பெயரக் கூடாது, முட்டி மடங்கக் கூடாது. வலது கால் "சார்க்", சக்கரம். அது மேலெழுந்து சுற்றி வந்து தூணுக்குப் பக்கத்தில் இறங்கும், உடம்பு இடப்பக்கமாகத் திரும்பும், இதயம் இருக்கிற பக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் மனதுக்குள் ஒரு "அல்லாஹ்". முதலில் கால் சுற்று, அரைச் சுற்று, பிறகுதான் முழுச் சுற்று. கைகள் ரொம்ப நாள் மார்பிலேயே கட்டியிருக்கும். கையை விரிக்க விடுவதே கடைசியில்தான்.

இதெல்லாம் கூட பிந்திய பாடம். அந்தக் காலத்தில் முதல் பாடம் சமையலறை.

#7 வடகரை மணி

சமையலறையா?

#8 கொன்யாவில் ஆறு குளிர்காலம்

ஆமாம். மெவ்லவி மடத்தில் சேர வந்தவனை முதலில் சமையலறை வாசலோரம் ஒரு தோலில் மூன்று நாள் முட்டி போட்டு உட்கார வைப்பார்கள். பேசக் கூடாது. மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிடித்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் எழுந்து போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். இருந்தால் 1001 நாள் சேவை. பாத்திரம் கழுவுவது, சந்தைக்குப் போவது, கழிப்பறை சுத்தம், படுக்கை விரிப்பது, விளக்குக்கு எண்ணெய் என்று 18 வகை வேலை. நடுவில் ஓரிரவு சொல்லாமல் வெளியே தங்கினால் கணக்கு முதலிலிருந்து. ஒருவன் சரிப்பட மாட்டான் என்று முடிவு செய்தால் திட்ட மாட்டார்கள். அவன் செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். காலையில் அதைப் பார்த்தவன் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

18 என்பது அவர்களுக்கு முக்கியமான எண். ரூமியின் பெரிய கவிதை நூலான மஸ்னவியின் ஆறு பாகங்களில் இருக்கிற இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம் ஈரடிகளை ரூமி சொல்லச் சொல்லச் சீடர் ஹுசாமுத்தீன் செலெபி எழுதினார். ஆனால் முதல் 18 ஈரடிகளை மட்டும் ரூமி தாமே எழுதி, தலைப்பாகைக்குள் வைத்திருந்து எடுத்துக் கொடுத்தாராம். நாணல் காட்டிலிருந்து வெட்டப்பட்ட குழல் அழுகிற பகுதி.

சமையலறைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதற்கு ஒரு கதை உண்டு. ரூமியின் சமையற்காரர் பெயர் ஆதெஷ்பாஸ் வெலீ. ஒருநாள் விறகு தீர்ந்துவிட்டது என்று வந்து நின்றார். "காலை அடுப்பில் வை" என்றார் மெவ்லானா. வைத்தார். விரல்களிலிருந்து தீ எழுந்து பானை கொதித்தது. ஒரு கணம் மனதில் சந்தேகம் வந்தது, இடது கட்டை விரல் சுட்டுவிட்டது. வெட்கப்பட்டு வலது கட்டை விரலால் அதை மறைத்துக்கொண்டு நின்றார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அடுத்த முறை செமா பார்க்கும்போது அவர்கள் தலை குனிகிற நேரம் பாதத்தைக் கவனியுங்கள். வலது கட்டை விரல் இடது கட்டை விரல் மேல் ஏறியிருக்கும். "கால் முத்திரை" என்பார்கள். எழுநூறு வருடத்துக்கு முந்தைய சமையற்காரருடைய வெட்கம் இன்னும் மேடையில் நிற்கிறது. கொன்யாவில் அவருக்குத் தனிக் கபர் இருக்கிறது. ஜியாரத் செய்ய வருகிறவர்கள் அங்கிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துப்போய் வீட்டு உப்பு ஜாடியில் கலந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரம்மாவும் செய்வார்.

#9 கஞ்சிரா

தாளம் பற்றி யாருமே பேசவில்லையே! நான் இதன் இசையை மட்டும் பல வருடமாகக் கேட்டு வருகிறவன். ஒரு முழு செமாவுக்கான உருப்படிக்கு "ஆயின்" என்று பெயர். நம் கச்சேரி மாதிரி ராகம் ராகமாகத் தாவாது. ஒரு மகாமை (நம் ராகம் மாதிரி) பிடித்தால் பெரும்பாலும் அதன் பெயரிலேயே முழு ஆயினும் வழங்கும். வலம் வருகிற பகுதிக்கு 28 எண்ணிக்கையுள்ள தாளம். முதல் சலாம் பெரும்பாலும் 14. இரண்டாவது 9. மூன்றாவது மறுபடி 28இல் தொடங்கி 10க்கு வந்து கடைசியில் 6இல் துரிதமாகிவிடும், அங்கேதான் உடம்பு தானாக முன்னால் சாயும். நான்காவதில் மறுபடி 9, எல்லாம் அடங்கும். நமக்கு 14 என்றால் கண்ட அட, 9 என்றால் சங்கீர்ணம் என்று கை தானாகப் போடும், ஆனால் உள்ளே அடி விழுகிற இடங்கள் வேறு. இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், தாளம் 14, 9, 10 என்று மாறிக்கொண்டே இருக்கிறது, சுற்றுகிறவர்கள் வேகம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. தாளத்துக்கு ஆடுவது நடனம். இவர்கள் தாளத்துக்குள் நின்று வேறொரு கணக்கை ஓட்டுகிறார்கள்.

ஆயின் எழுதியவர்களில் ஒரு சுல்தானும் உண்டு, மூன்றாம் செலீம். சூஸிதிலாரா என்ற மகாமில். ராஜாங்கம் நடத்தியதைவிட இதை நன்றாகச் செய்திருக்கிறார்.

இன்னொன்று. அந்தப் பாவாடையில் மூன்று முனை, நான்கு முனை என்று அலை ஓடுமே, அது அப்படியே உறைந்த மாதிரி நிற்கும். அதற்கென்று 2013இல் இயற்பியலாளர்கள் ஒரு கட்டுரையே எழுதினார்கள். காரணம் கோரியோலிஸ் விசை, புயலைச் சுழல வைக்கிற அதே விஷயம்.

#10 நேர்வழி நாடி

எல்லாம் சுவாரசியமாக இருக்கிறது. என் கேள்வி அப்படியே இருக்கிறது. தாளம் 14 ஆனால் என்ன, 28 ஆனால் என்ன? இபாதத்தில், அதாவது வணக்க வழிபாட்டில், மனிதன் புதிதாகச் சேர்க்க அனுமதி உண்டா?

#11 காயல் காற்று

சகோதரருக்கு சலாம். கேள்வி நியாயமானது, ஆனால் புதிது இல்லை. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம்முடைய இஹ்யா நூலில் இதற்கென்று ஒரு பகுதியே எழுதியிருக்கிறார். கேட்கிறவன் நெஞ்சில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதைத்தான் இசை கிளறும், ஆகவே ஒருவருக்கு ஆகும், இன்னொருவருக்கு ஆகாது என்பது அவர் போக்கு. இப்னுல் ஜவ்ஸீ, இப்னு தைமிய்யா போன்ற மார்க்க அறிஞர்கள் எல்லோரும் கடுமையாக எதிர்த்தார்கள். உங்கள் பக்கத்திலும் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை.

உஸ்மானியர் (ஒட்டோமான்) காலத்திலும் இதே வழக்குதான். மார்க்கத்தில் புதியது எதுவும் கூடாது என்ற காதிஸாதே இயக்கத்தார் வலுத்து, 1666இல் செமாவையே தடை செய்ய வைத்தார்கள். 1684 வரை 18 வருடம். பாருங்கள், அங்கேயும் 18! மெவ்லவிகள் அதைக் "கெட்ட தடை" என்றே இன்றும் சொல்வார்கள். ரூமியும் சும்மா ஆடிப்பாடித் திரிந்தவர் இல்லை. ஹனஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு) ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், தகப்பனார் பஹாவுத்தீன் 1231இல் இறந்த பிறகு அந்த இடத்தில் இருந்து மதரசாவில் பாடம் சொன்னவர். 1244இல் ஷம்ஸ் தப்ரேஸி என்ற ஊர்சுற்றி ஞானி வந்த பிறகுதான் எல்லாம் தலைகீழானது.

எங்கள் காயல்பட்டினத்தில் ஷாதுலிய்யா தரீக்கா உண்டு. ஹழ்ரா என்ற கூட்டத்தில் எல்லோரும் வட்டமாக நின்று திக்ரு செய்வோம், இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வோம், உடம்பு அசையும். சுற்றுவது கிடையாது. சிறுவயதில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வட்டத்தில் நின்றிருக்கிறேன். அங்கேயும் யாராவது அளவுக்கு மீறினால் பெரியவர் ஒருவர் வந்து தோளில் மெல்லக் கை வைப்பார். உடனே அடங்கிவிட வேண்டும். கொன்யா நண்பர் சொன்ன செமாஸென்பாஷியைப் படித்ததும் அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

#12 நேர்வழி நாடி

வஅலைக்கும் சலாம். தோளில் கை வைப்பதால் புதிது பழையதாகிவிடாது. நான் என் நிலையில்தான் இருக்கிறேன். ஆனால் 1666 விஷயம் எனக்குத் தெரியாது, தேடிப் படிக்கிறேன்.

#13 மட்டுறுத்துநர்

மார்க்கச் சட்ட விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இதுவரை கண்ணியமாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

#14 சுடர்விழி

எனக்கு ஒரு சந்தேகம். பெண்கள் சுற்றலாமா? நான் முகாமுக்குப் போனதே வீடியோவில் பெண்கள் சுற்றுவதைப் பார்த்துத்தான்.

#15 கொன்யாவில் ஆறு குளிர்காலம்

கொன்யாவின் அரசு நிகழ்ச்சியில் நான் பார்த்தது ஆண்களை மட்டுமே. இஸ்தான்புலில் சில குழுக்களில் பெண்களும் கூடச் சுற்றுகிறார்கள், அதற்கு உள்ளேயே எதிர்ப்பும் உண்டு. ஆனால் ரூமியின் வரலாற்றை எழுதிய அஃப்லாகி, கொன்யாவின் பெரிய வீட்டுப் பெண்கள் கூடியிருந்த சபையில் ரூமி செமா செய்ததையும், அவர்கள் அவர் மேல் ரோஜாப்பூ தூவியதையும் சொல்கிறார். நீங்கள் பார்த்த வீடியோவில் ஆணும் பெண்ணும் ஜோடியாகக் கைவீசி ஆடியிருந்தால் அது துருக்கியின் அலெவி என்ற பிரிவினரின் செமாஹ், முற்றிலும் வேறு மரபு. கலர் கலராகப் பாவாடை, தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினால் அது கெய்ரோவின் தன்னூரா. அதற்குத் தாராளமாகக் கைதட்டலாம்.

அப்புறம் ஒன்று. ரூமி காலத்தில் இந்த 28, 14 கணக்கோ மூன்று வலமோ எதுவுமே கிடையாது. கொன்யா கடைத்தெருவில் ஸலாஹுத்தீன் ஸர்கூப் என்ற தட்டாரின் பட்டறைச் சுத்தியல் சத்தம் கேட்டுத் தெருவிலேயே சுற்ற ஆரம்பித்தார் என்பது கதை. தங்கத் தகடு வீணானாலும் பரவாயில்லை, தட்டுவதை நிறுத்தாதீர்கள் என்றாராம் தட்டார். ரூமியின் மகன் சுல்தான் வலத் காலத்தில்தான் தரீக்கா என்று ஓர் அமைப்பு உருவானது, 15ஆம் நூற்றாண்டில்தான் இன்றைய சடங்கு ஏறக்குறைய இந்த உருவத்துக்கு வந்தது. ஆக, சுடர்விழி போன முகாம்காரர் ஒருவிதத்தில் ரூமிக்கு நெருக்கம், மெவ்லவிக்குத் தூரம் என்றுகூட வாதம் செய்யலாம். நான் செய்ய மாட்டேன். ரூமிக்கு வாந்தி வந்ததாக அஃப்லாகி எழுதவில்லை.

#16 வடகரை மணி

சிரித்து முடியவில்லை. சரி, என் மனைவியின் கேள்விக்கு வாருங்கள். தொழுகையா, ஷோவா?

#17 கொன்யாவில் ஆறு குளிர்காலம்

சட்டப்படி கேட்டால், ஷோ. வருத்தமாக இருந்தாலும் அதுதான் பதில்.

1925 நவம்பர் 30ஆம் தேதி துருக்கியில் 677ஆம் எண் சட்டம் வந்தது. எல்லாத் தரீக்கா மடங்களும் மூடப்பட்டன. ஷெய்கு, தெதெ, செலெபி என்ற பட்டங்களே குற்றம். கொன்யா தலைமை மடம் 1927இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. ரூமியின் கபருக்குப் போக டிக்கெட் கவுண்டர் வழியாகப் போக வேண்டியதாயிற்று. ரூமி வழிவந்த தலைவர்களான செலெபிகளின் தலைமைப் பீடம் சிரியாவில் அலெப்போவுக்குப் போனது. உள்ளே இருந்தவர்கள் கதவை மூடிக்கொண்டு வீட்டுக்குள் செய்தார்கள் என்று சொல்வார்கள். 1950களில்தான் கொன்யாவில் பொதுவில் செமாவுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது, கலாசார நிகழ்ச்சி என்ற பெயரில். பல வருடம் ஒரு விளையாட்டு அரங்கில் நடந்தது. யோசித்துப் பாருங்கள், கூடைப்பந்து ஆடுகிற தரையில் கபன் உடுப்பு. 2004இல்தான் தனி அரங்கம் வந்தது, 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

அந்த 677ஆம் சட்டம் இன்றும் அமலில்தான் இருக்கிறது. அதே நாட்டில் கலாசார அமைச்சகத்தின் கீழ் சூஃபி இசைக்குழு இருக்கிறது, அதில் சுற்றுகிறவர்கள் மாதச் சம்பளம் வாங்கும் அரசுக் கலைஞர்கள். மடம் கூடாது, மடத்தின் சடங்கு அரசு விழா.

இனி என் சொந்த அனுபவம். என் விடுதிக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் வார இறுதியில் சுற்றுலா ஓட்டலில் சுற்றுவார். பெயர் வேண்டாம். சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவில், பத்து நிமிடம். "அவமானமாக இல்லையா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன், வயசுக் கோளாறு. அவர் சொன்னார்: "தென்னூரேயை மாட்டுவதற்கு முன் அதை முத்தமிடுகிறேன். உள்ளே அல்லாஹ் என்று எண்ணிக்கொண்டுதான் சுற்றுகிறேன். அவர்கள் கபாப் சாப்பிட்டால் நான் என்ன செய்வது? ஆனால் ஒன்று, ஓட்டலில் சுற்றிவிட்டு வந்தால் அன்றைக்கு வீட்டில் தனியாக இன்னொரு முறை சுற்றிவிட்டுத்தான் படுப்பேன்."

முதல் பாதியைக் கேட்டு அவரை நம்பினேன். இரண்டாவது பாதிதான் இன்னும் உறுத்துகிறது.

#18 காயல் காற்று

அவர் டிசம்பர் 17ஐ என்னவென்று சொல்வார்? "ஷெப்-இ அரூஸ்" தானே? மணமகளின் இரவு. நாம் தர்காவில் "உரூஸ்" என்கிறோமே, அதுவும் திருமணம்தான். ஊரில் கந்தூரி என்று சொல்லிச் சொல்லி உரூஸ் என்ற வார்த்தைக்குப் பொருளே மறந்துவிட்டோம். இறந்த நாளுக்குக் கல்யாண விருந்து போடுகிற வழக்கம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். அந்த நாளில் மட்டும் ஓட்டல்காரர் எங்கே சுற்றுவார்?

#19 கொன்யாவில் ஆறு குளிர்காலம்

அன்றைக்கு அவரும் ஓர் ஓரமாகப் பார்வையாளர் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார் பாய். அரங்கத்தில் சுற்றுவது அரசுக் குழு.

#20 வடகரை மணி

இந்த இழையை இரவு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஓட்டல்காரர் கதையில் சற்று நேரம் பேசாமல் இருந்தார். 1001 நாள் சமையலறை வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இன்றைக்குப் பாத்திரம் நான்தான் கழுவினேன், இன்னும் 1000 நாள் பாக்கி. டிசம்பரில் கொன்யா போகலாமா என்று அவரே கேட்கிறார். எப்படிப் போவது?

#21 கொன்யாவில் ஆறு குளிர்காலம்

அங்காரா வரை விமானம், அங்கிருந்து அதிவேக ரயில், இரண்டு மணி நேரத்துக்குள் கொன்யா. டிசம்பர் 7 முதல் 17 வரை நிகழ்ச்சி இருக்கும், 17க்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம், 10, 11 தேதிகளில் போங்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும், கம்பளி உள்ளுடுப்பு அவசியம். மாடி வரிசையில் உட்காருங்கள், கீழே இருந்தால் பாவாடைதான் தெரியும், மேலே இருந்தால்தான் இரண்டு வட்டமும் தெரியும். கேமராவில் ஃபிளாஷ் வேண்டாம்.

கடைசியில் ஃபாத்திஹா ஓதியதும் ஷெய்கு சலாம் சொல்லிவிட்டு முதலில் வெளியே போவார். பின்னாலேயே சுற்றியவர்கள், பிறகு இசைக்காரர்கள். திரும்பிப் பார்க்க மாட்டார்கள், மேடையில் வரிசையாக நின்று குனிகிற வழக்கமும் இல்லை. உங்களுக்குக் கைதட்டத் தோன்றும்போது அந்தக் கைதட்டலை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

#22 சுடர்விழி

மணி சார், ஆதெஷ்பாஸ் கபருக்குப் போனால் எனக்கும் ஒரு சிட்டிகை உப்பு.